பை வைத்த வெள்ளைக் கவுன்

ஒரு மழைக்காலத்துப் பகலில் என் மாமா இல்லாத தோல் ஒன்றைச் சீவிக்கொண்டிருந்தார். அதன் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவருக்கும் அப்போது அனலாய்க் காய்ச்சல். அந்தத் தோல் இல்லாதது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அம்மா கண்ணால் பார்த்த சாட்சி. ஆனால் அது ஈரமாக இருந்ததும், கனத்ததும், நான் பிடித்திருந்த முனை கையிலிருந்து வழுக்கி வழுக்கிப் போனதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எருமைத் தோல். ஆட்டுத் தோலுக்கு அத்தனை கனம் கிடையாது.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றங்கரையை ஒட்டித் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த பகுதியில் எங்கள் தெரு. அப்பா கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போய்விட்டதால் அம்மாவும் நானும் மாமா வீட்டில் இருந்தோம். மாமாவுக்கும் அத்தைக்கும் பிள்ளை இல்லை. ஆகவே அந்த வீட்டில் குழந்தை என்ற உத்தியோகத்தை நான் ஒருத்தியே பார்த்துவந்தேன். எனக்கு ஏழு வயது இருக்கலாம். வயதுக்குத் தகுந்த உடம்பு இல்லை. தெருவில் போகிறவர்கள் என் கையைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மே, புள்ளைக்குச் சோறு போடறியா, காத்து போடறியா?" என்று அம்மாவைக் கேட்பார்கள். அதே ஆட்கள் மாமா எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவார்கள். ஊறின எருமைத் தோலைத் தனியாளாய்க் குழியிலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருபவர் அவர். ஷாப்பு மேஸ்திரி பாய் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'பயில்வான்' என்றுதான் கூப்பிடுவார்.

மாமாவின் வேலை சதை சீவுவது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைச் சாய்வான மரத்தின் மேல் விரித்து, இரண்டு முனையிலும் பிடி வைத்த வளைந்த கத்தியால் மேலிருந்து கீழாகத் தள்ளிச் சீவ வேண்டும். நாள் முழுக்கச் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று அவருடைய கால் விரல்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய் வெடித்திருக்கும். வீட்டுக்கு அவர் வந்தால் முதலில் சுண்ணாம்பு வாசனை வரும், அடுத்து ஆவாரம்பட்டை வாசனை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாசனை. அந்த மூன்றாவதைத்தான் நான் மாமாவின் சொந்த வாசனை என்று நினைத்திருந்தேன். கொல்லையில், அடுப்புக்காக அத்தை சேர்த்துவைத்த, ஷாப்பில் ஊறி முடிந்த சக்கைப்பட்டைக் கோணிகளுக்குப் பின்னால் ஒரு புட்டி இருக்கும். சாயங்காலம் அதிலிருந்து குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்.

"இன்னா மாமா அது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாருக்கு மருந்து கண்ணு."

"கசக்குமா?"

"பேஜாரு. உனுக்கு வாணாம்."

நான் அதை நம்பியதற்குக் காரணம் உண்டு. நெஞ்சுக்கு மருந்து ஷாப்பில்தான் இருக்கிறது என்பது எங்கள் தெரு முழுவதற்கும் இருந்த நம்பிக்கை. ஆவாரம்பட்டை ஊறுகிற குழியின் ஆவியை இழுத்தால் சளி அண்டாது. ஷாப்புக்காரனுக்கு மார் கெடாது. இருமுகிற பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கிவந்து குழி ஓரம் நிறுத்தி, "வாயத் தொற, நல்லா இழு" என்பார்கள். மேஸ்திரி பாயும் தடுக்கமாட்டார். செத்த மாட்டின் தோலையே கெடாமல் வைக்கிற தண்ணீர், உயிருள்ள மனுஷன் மாரைக் கெட விடுமா என்று கேட்டால், யாரால் பதில் சொல்ல முடியும்?

அந்த வருஷம் மழையோடு ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு இருமல். மாமாவுக்கும் வந்தது, அவர் படுக்கவில்லை, காய்ச்சலோடு வேலைக்குப் போனார். பிறகு எனக்கு வந்தது. ஒரு தூறல் நாளில் என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பட்டைக் குழிக்குக் கொண்டுபோனார். விழாமல் இருக்க அவர் நெற்றியைப் பிடித்திருந்தேன். அது சுட்டது. குளிரில் என் கைகளுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. குழி ஓரத்தில் இறக்கிவிட்டு, "இழு கண்ணு" என்று சொல்லி அவரும் குனிந்து இழுத்தார். இருவரும் சேர்ந்து இருமினோம். அவர் நிறுத்தினால் நான், நான் நிறுத்தினால் அவர்.

"இன்னா பயில்வான், மாமனும் மருமவளும் கச்சேரி வெக்கிறீங்களா?" என்று மேஸ்திரி பாய் சிரித்தார்.

இரண்டொரு நாளில் இருவரும் படுத்துவிட்டோம். காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது என்று இன்று சொல்லலாம். பென்சிலின் என்ற சொல்லே எங்கள் பக்கம் வந்து சேராத காலம். ஒத்தடம், கஞ்சி, ஜெபம், காத்திருப்பது, இவைதான் வைத்தியம். உடம்பு ஒரு வாரம் போலக் கொளுத்தும். பிறகு ஒரு நாள் வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கும். அல்லது இறங்காது.

வீட்டில் இருந்தது ஒரே கட்டில். அதில் என்னைப் போட்டார்கள். மாமா சுவரோரம் பாயில். கிடைத்த பால் எனக்கு, முட்டை எனக்கு, விசிறியும் எனக்கு. அத்தை அந்தப் பக்கம் திரும்பினால் அவரே விரட்டுவார்: "எனுக்கு இன்னா? பாப்பாவப் பாரு." பேசும்போது ஒரு பக்க விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் இருந்த சட்டியில் அடிக்கடி துப்புவார். துப்பியது பட்டைத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது. குழியில் இழுத்த ஆவி வேலை செய்துவிட்டு வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி வரவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

காய்ச்சலுக்குள் இருப்பதை மோசமான அனுபவம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஓட்டு இடுக்குகளில் இறங்கிய வெளிச்சம் சுண்ணாம்புத் தண்ணீர் போல அறையில் நிரம்பும். கட்டில் மெதுவாக எழும்பி மிதக்கும். உத்தரத்தில் காயப்போட்ட புடவை எந்தக் காற்றும் இல்லாமல் அசைந்து, யாரோ படுத்திருப்பது போல ஒரு வடிவம் எடுக்கும். குரல்கள் குழியின் அடியிலிருந்து வரும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அத்தை வெள்ளையாக எதையோ தைத்துக்கொண்டிருப்பாள். ஊசி மேலே போகும், மினுக்கும், கீழே இறங்கும். அதையே பார்த்துக்கொண்டு நான் தூங்கிவிடுவேன். விழித்தால் ஊசி மறுபடி மேலே போய்க்கொண்டிருக்கும்.

"யாருக்கு அத்தை?"

"உனுக்குத்தான் கண்ணு."

அது ஒரு கவுன் என்று தெரிந்ததும், கிறிஸ்துமஸ் வரப்போகிறது என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. வருஷத்துக்கு ஒரு புதுத்துணி அப்போதுதான்.

"பை வெச்சுத் தெய்யி அத்தை."

ஊசி நின்றது. "பையா?"

"ஆமா. மல்லாட்ட போட்டு வெச்சி ஒடச்சித் துன்ன."

அம்மா எழுந்துவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம் அண்ணி. புள்ளைக்கு உசுரு இன்னும் கீது. அத மூடி வைங்க அண்ணி," என்று அழுதாள். எனக்கு ஒரே கோபம். ஒரு பை வைப்பதில் அம்மாவுக்கு என்ன கஷ்டம்? அத்தை மிச்சத் துணியில் ஒரு சதுரம் வெட்டினாள்.

வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வாரம் ஒருமுறை மோட்டாரில் வந்து ரோட்டோரத்தில் மருந்து கொடுப்பார். அம்மா ஓடிப்போய் அவரைக் கையோடு அழைத்துவந்தாள். அதே வேளையில் எங்கள் சபையின் உபதேசியாரும் எனக்காக ஜெபிக்க வந்திருந்தார். ஒல்லியான மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். போன வருஷம் கோயிலில் அவருக்கு முன்னால்தான் மாமா, இனிமேல் குடிப்பதில்லை என்று கையை உயர்த்திச் சொல்லியிருந்தார். அந்த ஞாயிறு முதல் அத்தை பெண்கள் வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்தாள். கோயிலில் கையை உயர்த்தி விட்ட குடி ஒன்று, கோணிக்குப் பின்னால் இருக்கும் மருந்து வேறொன்று என்று நான் வைத்திருந்தேன்.

டாக்டரம்மா தெற்குச் சீமைக்காரர். அவர் பேச்சே பாட்டுப் போல இருக்கும். என் முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டிக் கேட்டார். சந்தையில் பெண்கள் பானையைத் தட்டி வாங்குவது போல. குழல் வைத்துப் பார்த்தார். பிறகு கன்னத்தில் லேசாகத் தட்டி, "தண்ணி நிறையக் குடுங்க. பாப்போம்," என்றார். அவ்வளவுதான். உடனே மாமாவிடம் போய்விட்டார்.

அங்கே வெகு நேரம் இருந்தார். முதுகைத் தட்டினார், விலாவைத் தட்டினார், நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டியை எடுத்துப்போய் வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் கேள்விகள். வயது என்ன, முன்னே இப்படி வந்திருக்கிறதா, மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குமா, மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்க்குமா, இதற்கு முன்னால் வந்த காய்ச்சலோடு வேலைக்குப் போனாரா, பீடி உண்டா. எல்லாவற்றுக்கும் அத்தைதான் பதில் சொன்னாள்.

"குடிப்பாகளா?"

அத்தை உபதேசியார் இருந்த பக்கம் திரும்பவில்லை. "ஐயோ, இல்லீங்கம்மா. அதெல்லாம் உட்டாச்சி. ஜெபத்துல இருக்கறவரு."

"வெக்கப்படாம சொல்லணும். தெரிஞ்சாத்தான் நான் பாக்க முடியும்."

"கர்த்தர் சாட்சியா இல்லீங்கம்மா."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். உபதேசியார் தம் வேதப் புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா எழுந்து, "வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துருங்க," என்றார்.

"புள்ளயையாம்மா?" என்றாள் அம்மா, பதறிப்போய்.

"இல்ல. இவுகள."

அத்தையின் முகத்தில் வந்தது எனக்கு இன்னும் தெரிகிறது. அது கவலை இல்லை, எரிச்சல். "அவரு தாங்குவாரும்மா. மொதல்ல கொழந்தயப் பாருங்க," என்றாள். மோட்டார் போன பிறகு அம்மாவிடம் சொன்னாள்: "பச்சப் புள்ள கண்ணு சொருகிக் கெடக்குது, இந்தம்மா எரும மாதிரி இருக்கற ஆளப் புடிச்சிக்கினு எறும்பு மொய்க்குதா ஈ மொய்க்குதான்னு கேக்குது."

நான் முழுக்க முழுக்க அத்தை கட்சி. தெருவே எனக்காக அழுதுகொண்டிருந்தது. மோட்டாரில் வந்த டாக்டரோ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாமாவுக்கு மட்டும் அத்தனை கேள்வி. அதற்காக மாமாவோடு அன்று முழுவதும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, மாமாவின் கைகள் ஆட ஆரம்பித்தன. கஞ்சிக் குவளையைப் பிடித்தால் பாதி மாரில் கொட்டியது. காய்ச்சல் குளிர் என்றார்கள். அன்று மத்தியானம் அம்மா அடுப்படியில் இருந்தாள், அத்தை குழாயடிக்குப் போயிருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார். கண்கள் பளபளவென்று இருந்தன. வெகு நாளைக்குப் பிறகு அவரை அவ்வளவு சுறுசுறுப்பாகப் பார்த்தேன்.

"நேரமாயிடுச்சி கண்ணு. வேல கெடக்குது."

போர்வையை உதறி என் கட்டில் சட்டத்தின் மேல் விரித்தார். ஓரங்களை இழுத்துவிட்டார். "அந்தத் தலைய நீ புடி" என்றார். பிடித்தேன். அவர் இரண்டு கைகளையும் அகலமாக வைத்து, இல்லாத கத்தியின் இரண்டு பிடிகளையும் பற்றி, உடம்பு முழுவதையும் சாய்த்து மேலிருந்து கீழாகத் தள்ளினார். சரக், சரக் என்று சீவும் சத்தம் எனக்குக் கேட்டது.

"வழுக்குது மாமா."

"சுண்ணாம்பு ஜாஸ்தி. கெட்டியா புடி. ஈ குந்த உடாத."

நான் ஈ ஓட்டினேன். நிறைய ஈக்கள் இருந்தன. அவர் இரண்டு தரம் தள்ளிவிட்டு விரல் நகத்தால் தோலைச் சுரண்டிப் பார்ப்பார். சரியில்லை என்றால் நாக்கைத் தட்டிவிட்டு அதே இடத்தை மறுபடி சீவுவார். அறை முழுவதும் வெள்ளைத் தண்ணீர் ததும்பியது. நாங்கள் அதில் முழங்கால் வரை நின்றோம். ஷாப்பில் பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று அதுவரை கேள்விப்பட்டிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். அந்த மத்தியானத்தைப் போல மனம் நிறைந்து எதையும் செய்ததில்லை.

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்து, மரியாதையாக, "இதோ ஆச்சி பாய். இது ஒண்ணுதான்," என்றார்.

அம்மா வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது. போர்வை போர்வையாகக் கிடந்தது. மாமா தெருப் பக்கம் ஓடப் பார்த்தார். நிஜ மேஸ்திரி பாயும் இன்னும் சிலரும் வந்து பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் துண்டால் கையைக் கட்டினார்கள். கட்டின கைகளாலும் அவர் சீவிக்கொண்டேயிருந்தார்.

விடிந்தபோது நான் தொப்பலாக நனைந்திருந்தேன். உடம்பு சில்லிட்டு, காகிதம் போல லேசாக இருந்தது. "கருவாட்டுக் கொழம்பு வேணும்" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், பிறகு தன் முகத்தை என் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். சத்தம் போட்டுச் சந்தோஷப்பட அந்த வீட்டில் இடம் இல்லை. சுவரோரப் பாயில் மாமாவின் மூச்சு ரம்பம் போல இழுத்துக்கொண்டிருந்தது.

சேதி போய், தன் முறை நாளுக்கு முன்னதாகவே டாக்டரம்மா வந்தார். உபதேசியாரும் வந்து நின்றார். டாக்டரம்மா, துண்டால் கட்டிப்போட்ட மாமாவின் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போதாவது நான் உதவலாம் என்று தோன்றியது.

"மாமாவுக்கு அவரு மருந்தக் குடுங்க. அது இல்லாமதான் கை ஆடுது."

"எந்த மருந்தும்மா?" முதல்முறையாக என்னிடம் ஒரு கேள்வி.

"கோணி பின்னால கீது. மாருக்கு. தெனம் குடிப்பாரு."

அம்மா போய்ப் புட்டியை எடுத்துவந்தாள். டாக்டரம்மா முகர்ந்து பார்த்துவிட்டு அதைத் தரையில் வைத்தார். கோபப்படவில்லை. "எத்தனை காலமா?" என்று மட்டும் கேட்டார்.

"கண்ணாலத்துக்கு மின்னாலருந்து," என்றாள் அத்தை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா பையைத் திறந்து ஏதோ கலந்தார். அப்போதுதான் உபதேசியார் பேசினார்.

"எனுக்குத் தெரியும்மா. வாராவாரம் அவன் பக்கத்துல நின்னு ஜெபம் பண்றவன் நான். எனுக்கு மூக்கு இல்லன்னு நெனச்சியா?"

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சுமா ஐயா அன்னிக்கு சும்மா நின்னுக்கினு இருந்தீங்க?"

"கர்த்தர் சாட்சியான்னு சொல்லிட்டியே. நாலு பேர் எதிர்ல ஒன்னப் பொய்க்காரியாக்க எனுக்கு வாய் வர்லம்மா."

மருந்து உள்ளே போனதும் மாமாவின் கைகள் அடங்கின. தூங்கினார். ஆனால் அதற்குள் நோய் மற்ற நுரையீரலுக்கும் போய்விட்டிருந்தது. டாக்டரம்மாவின் மோட்டாரிலேயே வேலூருக்குத் தூக்கிப்போனார்கள். பொழுது சாய்வதற்குள் அதே மோட்டார் திரும்பி வந்தது. வண்டிச் சத்தம் கேட்டு, மாமாவுக்குச் சரியாகிவிட்டது என்று முதலில் சொன்னது நான்தான்.

பல வருஷங்களுக்குப் பிறகு, வேறு ஒரு வேலையாக ஒரு மருத்துவரைப் பார்க்கப் போனபோது இதைச் சொல்லிக் கேட்டேன். முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா? அவர் யோசித்துவிட்டு, "சொல்ல முடியாது" என்றார். மருந்தில்லாத காலத்தில் குடிப்பழக்கம், நாற்பதைத் தாண்டிய வயது, ஏற்கெனவே ஒரு காய்ச்சலில் அடிபட்டு ஓய்வெடுக்காத நெஞ்சு, இவை சேர்ந்தால் பெரும்பாலும் தோற்பார்கள். தெரிந்திருந்தால், குடி நின்றதால் வந்த அந்தக் கைநடுக்கத்தையாவது முன்னே தடுத்திருக்கலாம் என்றார். அப்படியானால் அந்தக் குழந்தை, என்று என்னைப் பற்றிக் கேட்டேன். "நோஞ்சானாக இருந்தாலும் அந்த வயதில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நானாக இருந்தாலும் கன்னத்தில் தட்டிவிட்டுத்தான் போயிருப்பேன்," என்றார்.

அடக்கத்தன்று மழை விட்டிருந்தது. எனக்கு நடக்கத் தெம்பில்லை. மேஸ்திரி பாய் தூக்கிக்கொள்கிறேன் என்றார். எனக்கென்று இருந்த இரண்டு பாவாடைகளும் வியர்வையில் நாறி, துவைத்துக் காயாமல் கிடந்தன. அம்மா பெட்டியைத் திறந்தாள். வெள்ளைக் கவுனைப் பார்த்ததும் மூடிவிட்டாள். பந்தலடியில் பெண்கள் நடுவே இருந்த அத்தை எழுந்துவந்து அதைத் தானே எடுத்தாள்.

"அண்ணி, அது வாணாம்," என்றாள் அம்மா.

"போடும்மே. அவளுக்குத்தான தெச்சேன்."

எனக்கு அணிவித்துவிட்டு, முதுகுப் பக்கம் நாடாவைக் கட்டி, பையின் வாய் மடிந்திருந்ததை விரலால் நீவி நேராக்கினாள். பிறகு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள், மூச்சு முட்டியது. கவுன் கசங்கிவிடுமே என்று நான் விலகிக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் எடுத்துப் போட்டார்கள். மேஸ்திரி பாய் என்னைத் தோளிலிருந்து இறக்கிவிட்டார். நான் அந்தப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு, அழுதுகொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும், இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே எனக்குத் துணி வந்துவிட்டது, அத்தை பை வைத்துத் தைத்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.